பிள்ளையைப் பறித்தால் மொழி போகும்: அவுஸ்திரேலியப் பழங்குடிக் குடும்பங்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

உயர்தர வகுப்பில் இலக்கணம் படிப்பிக்கும்போது திசைச்சொல்லுக்கு உதாரணம் தேடுவது எனக்கு விருப்பமான வேலை. ஒருநாள் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினேன். ஒன்று ‘ருப்பியா’, மற்றது ‘பலண்டா’. எந்த ஊர்ச் சொற்கள் என்று கேட்டேன். மலாய் என்றார்கள், சிங்களம் என்றார்கள், அரபு என்றும் ஒரு குரல் வந்தது. அவுஸ்திரேலியாவின் வடகரையில் வாழும் யோல்ங்கு என்ற பழங்குடி மக்களின் சொற்கள் என்று நான் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

ருப்பியா என்றால் காசு. நமது ரூபாயும் அதுவும் ஒரு வேரில் பிறந்தவை. பலண்டா என்றால் வெள்ளைக்காரர். நாம் ‘ஒல்லாந்தர்’ என்கிறோமே, அதே பெயர்தான் மலாய்க்காரர் வாயில் ‘பெலண்டா’ ஆகி, மக்காசார் கடலோடிகள் வாயில் ‘பலண்டா’ ஆகி அங்கே கரையேறியிருக்கிறது. நம்மை ஆண்ட அதே ஒல்லாந்தரின் பெயர்!

பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். “சேர், அந்தச் சொல்லெல்லாம் இப்பவும் அங்க சின்னப் பிள்ளைகள் கதைக்கிறாங்களா, இல்லாட்டி புத்தகத்தில மட்டுந்தானா?” என்று கேட்டாள். “கதைக்கிறாங்க மகள்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலட்டை தேடி வந்தவர்கள்

கடலட்டையை மன்னார், கற்பிட்டிக் கரையோர மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே கடலட்டையைத் தேடித்தான் இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மக்காசாரிலிருந்து பாய்மரப் படகுகள் அவுஸ்திரேலியாவின் வடகரைக்குப் போயின. மார்கழி மாதமளவில் வடமேல் பருவக்காற்றோடு போய், கரையில் வாடி அமைத்து, அட்டையை அவித்துப் புகையூட்டி, காற்று திரும்பியதும் ஊருக்கு மீள்வார்கள். சரக்கு சீனச் சந்தைக்குச் சேரும். 18 ஆம் நூற்றாண்டில் இந்த வணிகம் நன்கு வேரூன்றியிருந்தது.

மக்காசார் அரசர்கள் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாத்தை ஏற்றவர்கள். ஒல்லாந்தரால் 1684 இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஷெய்க் யூசுப் அவர்களும் அந்த மண்ணின் மைந்தரே. ஆகவே ஆர்னம் லேண்ட் என்ற அந்த வடகரைக்குப் போன கடலோடிகளும் பெரும்பாலும் முஸ்லிம்களாகவே இருந்தனர். 1803 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவைச் சுற்றிக் கடலாய்வு செய்த ஆங்கிலக் கப்பற்தலைவர் மத்தியூ பிளிண்டர்ஸ், பொபாசு என்ற மக்காசார் படகுத் தலைவரைச் சந்தித்தார். கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு மலாய்க்காரரே இருவருக்கும் மொழிபெயர்த்தார்.

இந்த நீண்ட உறவில் யோல்ங்கு மக்கள் நிறையச் சொற்களை வாங்கிக்கொண்டார்கள். மரத்தைக் குடைந்து செய்யும் தோணிக்கு ‘லிபாலிபா’, வேலைக்கு ‘ஜாமா’, கொடிக்கு ‘பண்டிர்ரா’. யோல்ங்கு மரணச் சடங்குப் பாடல் ஒன்றில் வரும் ஒரு திருப்பெயரில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லின் சாயல் இருப்பதாக மானிடவியலாளர் சிலர் கருதுகின்றனர். மக்காசார் மக்கள் கொண்டுவந்த புளியங்கொட்டைகள் முளைத்து மரமாகி, பழைய வாடிகள் இருந்த இடங்களை இன்றும் காட்டி நிற்கின்றன.

இத்தனை சொற்கள் வந்து கலந்தும் யோல்ங்கு மொழிகள் அழியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வந்தவர்கள் பண்டம் கொடுத்தார்கள், சொல் கொடுத்தார்கள், காற்று மாறியதும் போய்விட்டார்கள். உம்மாவின் மடியிலிருந்து பிள்ளையை யாரும் தூக்கவில்லை. அன்னியச் சொல் கலப்பதால் மொழி கெட்டுவிடும் என்று பயப்படுகிற நம்மவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும். 1906 இல் தென் அவுஸ்திரேலிய அரசு இந்தப் படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதை நிறுத்தியது. 1907 இல் கடைசிப் படகும் திரும்பியது.

அடிலெயிட்டில் ஒரு சிறு பாடசாலை

இனித் தெற்கே போவோம். இன்றைய அடிலெயிட் நகரம் கவுர்ணா என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் 1836 இற்குப் பிறகு எழுந்தது. 1838 இல் அங்கு வந்த ஜெர்மனிய மதபோதகர்கள் டைக்கல்மன், ஷூர்மன் இருவரும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கவுர்ணா மொழியைக் கற்று, 1840 இல் அதற்கு இலக்கணமும் சொற்றொகுதியும் வெளியிட்டார்கள். பில்டவொட்லி என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு அவர்களின் தாய்மொழியிலேயே எழுதப் படிக்கப் பாடசாலை நடத்தினார்கள்.

அந்தப் பாடசாலை 1845 இல் முடிந்துபோயிற்று. ஆங்கிலம் மட்டும் படிப்பிக்கும் அரசாங்கப் பாடசாலைக்குப் பிள்ளைகள் மாற்றப்பட்டார்கள். நோயும் நில இழப்பும் ஏற்கெனவே கவுர்ணா மக்களைச் சிதறடித்துக்கொண்டிருந்தன. இருந்த ஒரு மொழிப் பள்ளியும் போனது. கவுர்ணாவைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி என்று பொதுவாகக் கருதப்படும் இவரிட்ஜி 1929 இல் காலமானார். பாடசாலை மூடப்பட்டு ஒரு நூற்றாண்டு ஆவதற்குள் ஒரு மொழி பேசுவாரின்றிப் போய்விட்டது.

அடிலெயிட் என்றதும் முஸ்லிம் வாசகர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரலாம். ‘ஆப்கானியர்’ என்று பொதுப்பெயர் பெற்ற ஒட்டகக்காரர்கள் 1888, 1889 ஆம் ஆண்டுகளில் கட்டிய பள்ளிவாசல் அந்நகரில் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேல் பகுதிகளிலிருந்தும் வந்து, பாலைநிலத்தின் ஊடே சரக்கேற்றிய அந்த மனிதர்களில் சிலர் பழங்குடிப் பெண்களை மணந்தார்கள். தகப்பன் வழியில் கலிமாவும் தாய் வழியில் அந்த மண்ணின் மொழியுமாக வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். ஆனால் அரசின் ஏட்டில் அவர்கள் ‘கலப்பினப் பிள்ளைகள்’. அந்தச் சொல்லுக்குள் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில்

1869 இல் விக்டோரியாவில் தொடங்கி, பெரும்பாலான மாநிலங்கள் பழங்குடிகளைப் ‘பாதுகாக்க’ச் சட்டம் இயற்றின. குவீன்ஸ்லாந்தில் 1897, மேற்கு அவுஸ்திரேலியாவில் 1905, நியூ சவுத் வேல்ஸில் 1909. எங்கே வாழலாம், யாரை மணக்கலாம், பிள்ளை யாரிடம் வளரலாம் என்பதையெல்லாம் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1915 இல் கொண்டுவந்த திருத்தத்தின் பின் ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்க நீதிமன்றத்தில் காரணம் காட்டவும் தேவையிருக்கவில்லை. குறிப்பாகக் கலப்பினப் பிள்ளைகளே குறிவைக்கப்பட்டார்கள். வெள்ளையர் சமூகத்தில் அவர்களைக் கரைத்துவிடலாம் என்பது கணக்கு.

இப்படிப் பறிக்கப்பட்டவர்களை ‘திருடப்பட்ட தலைமுறையினர்’ என்று வரலாறு அழைக்கிறது. இதை விசாரித்த தேசிய ஆணைக்குழு 1997 இல் வெளியிட்ட அறிக்கை, 1910 இற்கும் 1970 இற்கும் இடையில் பழங்குடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. விடுதிகளிலும் மிஷன்களிலும் வளர்ந்த அப்பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டனை பெற்றதாகப் பலர் சாட்சியம் சொன்னார்கள்.

இதன் விளைவு பறிபோன பிள்ளைகளோடு நிற்கவில்லை. அதிகாரியின் கண் தன் வீட்டின் மேல் விழக்கூடாதே என்று பயந்த தாய்மார் பிள்ளையின் முன்னால் சொந்த மொழியைக் கதைக்காமல் விட்டார்கள். வீட்டுக்குள்ளேயே மொழி மௌனமாகிவிட்டது. 1788 இல் ஆங்கிலேயர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250 இற்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. 2020 இல் வெளியான தேசியச் சுதேச மொழிகள் ஆய்வின்படி இன்று பேசப்பட்டோ மீட்கப்பட்டோ வருபவை 123. அவற்றில் ஓரளவு வலுவாக உள்ளவை 12 மட்டுமே. முதியவர்கள் மட்டும் பேசும் மொழிக்குப் பேச்சாளர் எத்தனை பேர் இருந்தாலும் பயமில்லாமல் இருக்க முடியாது. ஒரு மொழியின் ஆயுளை நாலு வயதுப் பிள்ளையின் வாயில்தான் பார்க்க வேண்டும்.

யிர்க்கலாவில் நடந்தது

அந்தப் பன்னிரண்டு மொழிகளின் வரிசையில் யோல்ங்கு மொழியும் நிற்கிறது. அதற்கு இடத்தின் தூரமும் ஒரு காரணம். வெள்ளைக் குடியேற்றம் அங்கே பிந்தித்தான் வந்தது. யிர்க்கலா என்ற ஊரில் மெதடிஸ்த மிஷன் அமைந்ததே 1935 இல்தான். ஆனால் தூரம் மட்டும் காப்பாற்றவில்லை. அந்த மக்களும் விடாப்பிடியாக நின்றார்கள். 1963 இல் பொக்சைட் அகழ்வுக்காகத் தங்கள் நிலம் எடுக்கப்பட்டபோது மரப்பட்டையில் ஓவியம் தீட்டி, அதன் நடுவே சொந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. ஆனால் அவர்களின் மொழி நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டது.

யோல்ங்கு குடும்பத்தில் மொழி எப்படி இறங்குகிறது என்பது அறிய வேண்டியது. அவர்களின் உலகம் துவா, யிரிட்ஜா என்று இரண்டு பாதியாகப் பிரிந்தது. (இந்தத் துவாவுக்கும் நமது துஆவுக்கும் தொடர்பில்லை.) ஒரு பாதியைச் சேர்ந்தவர் மறு பாதியில்தான் மணம் முடிக்க வேண்டும். ஆகவே தாய்க்கு ஒரு குல மொழி, தகப்பனுக்கு இன்னொன்று. பிள்ளை தாயின் மடியில் கேட்டு வளர்ந்து, பிறகு தகப்பனின் மொழியைத் தன் மொழியாக ஏற்கும். தாயின் தாய் ‘மாரி’ எனப்படுவார். அவருக்கும் பேரப்பிள்ளைக்கும் உள்ள உறவைக் குலத்தின் முதுகெலும்பு என்பார்கள். நமது உம்மும்மாமாரின் இடம் போன்றது அது. தகப்பனைப் பிள்ளை ‘பாப்பா’ என்று அழைக்கும். வாப்பா என்பதைப் போல ஒலித்தாலும், இத்தகைய சொற்கள் உலகெங்கும் ஒத்திருப்பதால் அதில் உறவு கற்பிக்கத் தேவையில்லை.

1973 இல் வட ஆட்புலத்தில் இருமொழிக் கல்வி தொடங்கியது. சில ஆண்டுகளில் யிர்க்கலாவும் அதில் சேர்ந்தது. அந்தப் பாடசாலையின் அதிபராக 1990 இல் வந்தவர் டொக்டர் எம். யுனுபிங்கு. ஆர்னம் லேண்ட்டின் பழங்குடிகளில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் இவர். 2013 இல் காலமானார். இறந்தவரின் முதற்பெயரைச் சொல்லாது விடுவது அவர்களின் மரபு என்பதால் நானும் முதலெழுத்தோடு நிறுத்துகிறேன். அவர் தொடங்கிய புகழ்பெற்ற இசைக்குழுவின் பெயர் ‘யொத்து யிண்டி’. பொருள்: பிள்ளையும் தாயும்.

அங்குள்ள பெரியவர்கள் கல்வியை ‘கன்மா’ என்ற கருத்தால் விளக்கினார்கள். ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் இடம் கன்மா. முகத்துவாரம் பார்த்த மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு நீரும் கலக்கும், ஒன்று மற்றதை விழுங்காது. ஆங்கிலமும் யோல்ங்கு அறிவும் பிள்ளைக்குள் அப்படிச் சந்திக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

இதற்குள் ஒரு சிக்கல் எழுந்தது. பல குலத்தவர் ஓரூரில் கூடி வாழ்ந்ததால் யிர்க்கலாப் பிள்ளைகளிடையே துவாயா என்ற புதிய பேச்சு உருவாகியிருந்தது. குழந்தையோடு கொஞ்சும் பேச்சின் சாயல் அதில் இருந்தது. பெரியவர்கள் சிலருக்கு அது ‘சின்னப்பிள்ளைப் பேச்சு’, குல மொழியின் சிதைவு. வகுப்பில் எதை வைப்பது? பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் துவாயாவிலேயே சிறு வகுப்பைத் தொடங்கி, வளர வளர மூத்தோரோடு இருந்து குல மொழியைக் கற்பது என்ற வழியைப் பாடசாலை எடுத்தது.

இதை வாசித்தபோது எனக்கு என் சிவப்புப் பேனாதான் நினைவுக்கு வந்தது. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் ‘வாப்பும்மா எனக்கு உசிர்’ என்று கட்டுரை எழுதிய ஒரு பிள்ளையின் கொப்பியில் ‘வாப்பும்மா’வை வெட்டிப் ‘பாட்டி’ என்று எழுதினேன். தமிழ் சிறப்புப் பட்டம் முடித்த மிடுக்கு. அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையில் பாட்டியைப் பற்றி ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனால் அதில் உசிர் இல்லை. அந்தக் கொப்பியில் நான் செய்த பிழையை யிர்க்கலா ஆசிரியர்கள் தம் வகுப்பில் செய்யவில்லை.

மன்னிப்பும் உத்தரவும் ஒரே ஆண்டில்

யிர்க்கலாவின் வழியும் சீராகப் போகவில்லை. 1998 இல் வட ஆட்புல அரசு இருமொழித் திட்டத்தைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்து, வேறு பெயரில் அது தப்பியது. 2008 பெப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் திருடப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்டார். நாடே கண்ணீர் விட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், ஒவ்வொரு நாளும் முதல் நான்கு மணித்தியாலமும் ஆங்கிலத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்று வட ஆட்புலத்தில் உத்தரவு வந்தது.

ஆங்கில எழுத்தறிவுச் சோதனையில் தூரத்துக் கிராமப் பிள்ளைகள் பின்தங்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கவலையைப் பொய் என்று தள்ள முடியாது. எந்தப் பெற்றோருக்கும் பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஆனால் காலையில் பாடசாலைக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது விளங்காவிட்டால், அது நான்கு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். யிர்க்கலா மக்கள் தங்கள் வழியை விட மறுத்தார்கள். 2020 இல் அந்தப் பாடசாலையின் எட்டு யோல்ங்கு மாணவர்கள் பல்கலைக்கழக நுழைவுக்குரிய தகுதியோடு உயர்தரம் முடித்தார்கள். அவ்வூரில் அதுவே முதல் தடவை. இருமொழியில் தொடங்கியவர்கள் ஆங்கிலத்தில் தோற்கவில்லை.

குடும்பத்துக்குத் துணை

பாடசாலைக்கு முன்னைய வயதுதான் இப்போது அங்கே கூடுதலாகக் கவனிக்கப்படுகிறது. 2009 இல் வட ஆட்புலத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயரே ‘முதல் ஆசிரியர் குடும்பம்’ என்ற பொருள் தருவது. பிறந்தது முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளை தனியாக வராது. தாயோ தகப்பனோ மூத்தம்மாவோ கூடவே வந்து அமர்ந்து, கதை சொல்லி, படம் காட்டி, விளையாடுவார்கள். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுத்த அரசு, நூறு ஆண்டுக்குப் பின் வீட்டையும் சேர்த்து அழைக்கிறது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் குனனுராவில் மிரிவூங் மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அங்குள்ள மொழி நிலையம் 2014 இல் ‘மொழிக் கூடு’ ஒன்றைத் தொடங்கியது. நியூசிலாந்தின் மவோரி மக்கள் 1982 இல் ஆரம்பித்த முறை அது. மொழி தெரிந்தவர்கள் முன்பள்ளிகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு அந்த மொழியிலேயே பாடி, உணவு கொடுத்து, கதைத்துப் பழகுவார்கள். நடுவில் ஒரு தலைமுறைக்கு மொழி இல்லை. அதனால் மூத்தம்மாவிடமிருந்து நேராகப் பேரப்பிள்ளைக்குப் பாலம் போடுகிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் 2017 இல் பழங்குடி மொழிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2022 இல் அங்கே கொப்ஸ் ஹாபரில் கும்பைங்கிர் மொழிக்கு இருமொழிப் பாடசாலை ஒன்று திறந்தது. அந்த மாநிலத்தில் பழங்குடி மொழியொன்றுக்கு அதுவே முதலாவது. அடிலெயிட்டில் கவுர்ணாவும் எழும்பியிருக்கிறது. 1840 இல் அந்த ஜெர்மனியர் எழுதிவைத்த இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் கையில் எடுத்து, 1990களிலிருந்து கவுர்ணா மக்களும் அடிலெயிட் பல்கலைக்கழக மொழியியலாளரும் சேர்ந்து மொழியைக் கட்டியெழுப்புகிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்கிறார்கள். தாய்க்குத் தெரியாத தாய்மொழியைத் தாயும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த முயற்சிகளில் நிலைத்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில பொதுத்தன்மைகள் தெரிகின்றன. மூத்தோரை விருந்தாளியாக அழைக்காமல் ஆசிரியராக மதித்து, அவர்களின் உழைப்புக்கு ஊதியமும் கொடுப்பது ஒன்று. எந்த மொழி, எந்தக் கதை, எது பிள்ளைக்குச் சொல்லலாம், எது சொல்லலாகாது என்பதைக் குடும்பங்களே தீர்மானிப்பது இன்னொன்று. மூன்றாவது, பணம் ஆண்டுக்காண்டு அறுந்துபோகாமல் வருவது. அரசு மாறும்போதெல்லாம் திட்டம் மாறினால், ஒரு பிள்ளை நடக்கப் பழகும் வயதில் தொடங்கியது அது பேசப் பழகும்போது இல்லாமல் போய்விடும்.

அந்த மாணவிக்கு இப்போது என் பதில் இதுதான். யிர்க்கலாவில் கதைக்கிறாங்க மகள். ருப்பியாவும் பலண்டாவும் அங்கே சின்னப் பிள்ளைகளின் வாயில் இருக்கின்றன. அடிலெயிட்டில் ஒருகாலம் கதைக்கவில்லை, இப்போது புத்தகத்திலிருந்து வாய்க்கு மீண்டும் எடுக்கிறார்கள். வேறு பல இடங்களில் புத்தகமும் இல்லை, வாயும் இல்லை. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு, பிள்ளை யாரிடம் வளர்ந்தது என்பதுதான்.

2031 ஆம் ஆண்டுக்குள் பழங்குடி மொழிகளின் எண்ணிக்கையும் வலுவும் தொடர்ந்து கூட வேண்டும் என்று அவுஸ்திரேலிய அரசுகள் 2020 இல் ஓர் உடன்பாட்டில் எழுதிக் கொடுத்திருக்கின்றன. அந்த ஆண்டு வந்ததும் கணக்கெடுப்பார்கள், அறிக்கை வெளியிடுவார்கள். உண்மையான கணக்கு அதற்குப் பிறகும் இருக்கிறது. இன்று மூத்தம்மாவின் மடியிலிருந்து கதை கேட்கிற பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையை எந்த மொழியில் தாலாட்டுகிறது என்று பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.